எட்டுக்கு ரெண்டு: ஒரு தோல்வியின் பேரேடு

டிஸ்கி: இது கால்பந்து பற்றியது. கால்பந்து பிடிக்காதவர்களும் படிக்கலாம், நடுநடுவே கொஞ்சம் அக்கவுண்டன்சி வரும். அக்கவுண்டன்சியும் பிடிக்காது என்றால் நீங்கள் என் கிளாஸ்மேட்டாகத்தான் இருக்க வேண்டும். :-)

நம்ம டீம் சொந்த ஊரில் தோற்றால் ஒரு மாதிரி, வெளியூர் போய்த் தோற்றால் இன்னொரு மாதிரி. சொந்த ஊரில் தோற்றால் ரெஃப்ரியைத் திட்டிவிட்டுப் படுத்துவிடலாம். வெளியூரில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்கு ராத்திரி யாருக்கும் தூக்கம் கிடையாது. பிரேதப் பரிசோதனை ஆரம்பித்துவிடும். டிஃபென்ஸில் ஓட்டை. மிட்ஃபீல்டில் ஆளே இல்லை. கோல்கீப்பர் சொதப்பல். கோச்சுக்கு வயசாகிவிட்டது. ஓனர் பையைத் திறக்க மாட்டேன் என்கிறான். எந்த நாட்டு டீமாக இருந்தாலும் பட்டியல் இதுதான், பெயர்களை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

இந்தப் பட்டியல் தப்பு என்று சொல்ல வரவில்லை. பாதி சரியாகத்தான் இருக்கும். எந்தப் பாதி என்று அன்றைக்கு ராத்திரியே தெரியாது, அதுதான் சிக்கல். அதனால், நடந்து ரொம்ப வருஷமான, இனிமேல் யாருக்கும் பிரஷர் ஏறாத ஒரு தோல்வியை எடுத்து வைத்து, ஆற அமரக் கணக்குப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

2011 ஆகஸ்ட் 28. இடம், ஓல்ட் டிராஃபோர்டு. மான்செஸ்டர் யுனைடெட் 8, ஆர்சனல் 2.

அப்போது நான் ரெண்டாம் வகுப்பு. ஆர்சனலும் தெரியாது, அசோகர் மரம் நட்டதும் சரியாகத் தெரியாது. ஆனால் எங்கள் பெரியப்பா மகன், நான் அண்ணே என்று கூப்பிடுகிறவர், அப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருந்தார். தீவிர ஆர்சனல் ரசிகர். ரூம்மேட் மூன்று பேரும் யுனைடெட். அந்த வாரம் மெஸ்ஸுக்குக் கடைசி ஆளாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாராம். பின்னாளில் எனக்குக் கால்பந்துப் பைத்தியம் பிடித்தபோது, அவருடைய பழைய ஹார்ட் டிஸ்கில் இந்த மேட்ச் முழுசாக இருந்ததைப் பார்த்தேன். "இதை ஏன்ணே வச்சிருக்கீங்க?" என்று கேட்டதற்கு, "ஜெயிச்ச மேட்சை எவன்டா ரெண்டாவது தடவை பார்த்துப் படிப்பான்?" என்றார். அவர் சொன்னதற்காகவே இதுவரை மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

முதலில் என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 22ஆவது நிமிஷத்தில் வெல்பெக் முதல் கோல். கொஞ்ச நேரத்திலேயே ஆர்சனலுக்குப் பெனால்ட்டி கிடைக்கிறது. கேப்டன் வான் பெர்சி அடித்ததை டே ஹேயா தடுத்துவிடுகிறார். அடுத்த நிமிஷமே அந்தப் பக்கம் ஆஷ்லி யங் ஒரு வளைத்து அடிக்கிறார், 2-0. ரூனி ஒரு ஃப்ரீ கிக், 3-0. இடைவேளைக்குச் சற்று முன்பு வால்காட் ஒன்று போட, 3-1. ஒரு மணி நேரம் முடிகிறபோதும் ஸ்கோர் அதேதான். அதற்கப்புறம்தான் அணை உடைந்தது. 64, 67, 70 என்று ஆறு நிமிஷத்தில் மூன்று கோல். வான் பெர்சி ஒன்று திருப்பிக் கொடுத்தார். ஜென்கின்சன் ரெண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியே போனார். கடைசியில் ரூனிக்கு ஹாட்ரிக், யங்குக்கு ரெண்டாவது. ஆர்சனல் ஒரே மேட்சில் எட்டு கோல் வாங்கியது 1896க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அப்போது லஃபரோ என்ற டீமிடம் 0-8.

சரி, குற்றவாளி யார்? அன்றைக்கு ரசிகர்கள் தேடியது களத்தில் இருந்த பதினொரு பேருக்குள். வலது பக்கம் ஜென்கின்சன், வயசு 19, சார்ல்டனிலிருந்து வந்து ரெண்டு மூணு மாதம்தான் ஆகிறது. இடது பக்கம் த்ராவோரே. நடுவில் கோஷியெல்னி, ஜூரூ. மிட்ஃபீல்டில் கோக்லான், அவருக்கு அதுதான் முதல் லீக் மேட்ச். பக்கத்தில் 20 வயசு ராம்சி. கோலில் 21 வயசு ஷ்செஸ்னி. திட்டுவதற்கு இவ்வளவு பேர் கிடைத்தால் ரசிகன் விடுவானா?

வராதவர்கள் பட்டியல்

நான் பார்க்கச் சொல்வது இன்னொரு பட்டியலை. அன்றைக்கு ஆடாதவர்கள். வில்ஷர், வெர்மேலன், கிப்ஸ், டியாபி நாலு பேரும் காயம். சன்யாவுக்கு உடம்பு சரியில்லை. சாங், ஜெர்வின்யோ, ஃபிரிம்பாங் மூன்று பேரும் சஸ்பென்ஷன். ஆக எட்டு. இன்னும் மூன்று பேர் அந்தக் கோடையில் விற்கப்பட்டவர்கள். கிளிஷி ஜூலையில் மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார். கேப்டனாக இருந்த ஃபாப்ரிகாஸ் ஆகஸ்ட் 15 அன்று பார்சிலோனாவுக்கு. நஸ்ரி, இந்த மேட்சுக்கு வெறும் நாலு நாள் முன்பு, மறுபடியும் சிட்டிக்கு.

எட்டும் மூன்றும் பதினொன்று. ஒரு கோல்கீப்பர் மட்டும் கிடைத்தால் இந்த வராதவர்கள் டீமே யுனைடெட்டோடு ஒரு கை பார்த்திருக்கும்.

"சின்னப் பசங்களை வைத்து ஆடினால் இப்படித்தான்" என்பது அன்றைக்குப் பெரிய தீர்ப்பு. அது நிற்காது. யுனைடெட் பக்கமும் சின்னப் பசங்கள்தான். டே ஹேயா 20, ஜோன்ஸ் 19, ஸ்மாலிங் 21, வெல்பெக் 20, கிளெவர்லி 22. எதிர்ப்பக்கம் ரோசிட்ஸ்கிக்கும் அர்ஷாவினுக்கும் 30 வயசு. வயசில் இல்லை வித்தியாசம். யுனைடெட் பசங்கள் அவர்கள் கோச் திட்டம் போட்டு இறக்கிய பசங்கள். பக்கத்தில் எவ்ராவும் ரூனியும் நின்று கை காட்டிக்கொண்டிருந்தார்கள். முந்தின மேட்ச் முடிந்து ஆறு நாள் ஓய்வு வேறு. ஆர்சனல் பசங்கள் வேறு ஆள் இல்லாததால் இறக்கப்பட்டவர்கள். நாலு நாள் முன்புதான் இத்தாலியில் உதினேசேயோடு சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று ஆடி, ஜெயித்து, களைத்துத் திரும்பிய டீம் அது.

எங்கள் ஃபைனான்ஸ் பேப்பரில் நடைமுறை மூலதனம் என்று ஒரு பாடம் உண்டு. ஒரு கம்பெனியிடம் நிலம், கட்டடம், மெஷின் என்று நிலைச் சொத்து எவ்வளவு இருந்தாலும், அன்றாடச் செலவுக்கு ரொக்கம் இல்லையென்றால் கதவைச் சாத்த வேண்டியதுதான். ஒரு டீமின் முதல் பதினொரு பேர் நிலைச் சொத்து மாதிரி. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் நடைமுறை மூலதனம். நல்ல நாளில் அவர்கள் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டார்கள். ரெண்டு காயம், ஒரு சஸ்பென்ஷன், ஒரு காய்ச்சல் சேர்ந்து வருகிற வாரத்தில்தான் அந்தக் கணக்கில் எவ்வளவு பாக்கி என்று தெரியும்.

ஏன் ஆள் இல்லாமல் போனது?

இங்கேதான் சமாச்சாரம் கால்பந்திலிருந்து காமர்ஸுக்கு வருகிறது.

ஆர்சனல் 2006இல் ஹைபரி என்ற பழைய மைதானத்தை விட்டுப் புதிய எமிரேட்ஸ் ஸ்டேடியத்துக்கு மாறியது. பழையதில் சுமார் 38,000 பேர் உட்காரலாம், புதியதில் சுமார் 60,000. செலவு சுமார் 39 கோடி பவுண்டு. அதற்கு வாங்கிய கடனுக்காக 26 கோடி பவுண்டுக்கு நீண்டகாலப் பத்திரங்கள் வெளியிட்டார்கள். ஸ்டேடியத்தின் பெயரும் ஜெர்சியில் போடும் பெயரும் 2004லேயே பல வருஷத்துக்குச் சேர்த்துப் பேசி முடிக்கப்பட்டவை. ஸ்டேடியம் கட்ட அப்போது அந்தப் பணம் தேவைப்பட்டது. ஆனால் பிற்பாடு மற்ற கிளப்புகள் புதுப் புது ஒப்பந்தம் போட்டு வருமானத்தைப் பெருக்கியபோது, ஆர்சனல் பழைய விலையிலேயே நிற்க வேண்டியதாயிற்று.

கோச் ஆர்சென் வெங்கர் ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர். கடனும் வட்டியும் அவருக்குப் புரியாத விஷயம் இல்லை. விலை குறைவாக இருக்கும்போதே சின்னப் பசங்களை எடுத்து, வளர்த்து, பெரிய ஆளாக்குவதுதான் அவர் கண்ட வழி. ஃபாப்ரிகாஸ் 16 வயசில் வந்தவர்.

இதில் ஒரு கணக்கு நுணுக்கம் இருக்கிறது. ஒரு ஆட்டக்காரரை 2 கோடி பவுண்டு கொடுத்து 5 வருஷ ஒப்பந்தத்தில் வாங்கினால், கிளப் அதை ஒரே வருஷச் செலவாகக் காட்டாது. வருஷத்துக்கு 40 லட்சம் என்று ஐந்து வருஷத்துக்குப் பிரித்து எழுதும். மெஷினுக்குத் தேய்மானம் போடுவது போலத்தான். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால் புத்தக மதிப்பு 80 லட்சம். அதை ஒரு கோடிக்கு விற்றால் 20 லட்சம் லாபம் என்று புத்தகம் சொல்லும், வாங்கின விலையில் பாதிதான் கைக்கு வந்திருக்கிறது என்றாலும்! சின்ன வயசில் வந்து வளர்ந்த பையனுக்கோ புத்தக மதிப்பு கிட்டத்தட்ட சைபர். அவனை விற்றால் வருகிற பணம் ஏறக்குறைய முழுசும் லாபம். அவன் போன இடத்தில் விழுகிற பள்ளத்தைக் காட்டுவதற்கு இலாப நட்டக் கணக்கில் ஒரு வரி கிடையாது.

2012 மே மாதத்தோடு முடிந்த வருஷத்தில் ஆர்சனல் காட்டிய வரிக்கு முந்தைய லாபம் 3.66 கோடி பவுண்டு. அதே வருஷம் ஆட்டக்காரர்களை விற்றதில் மட்டும் வந்த லாபம் 6.55 கோடி. அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நஷ்டம். அக்கவுண்ட்ஸ் சார் பார்த்தால் "நல்ல வருஷம்" என்பார். எட்டு கோல் வாங்கியதும் அதே வருஷத்தில்தான்.

இன்னொரு விஷயம் ஒப்பந்தக் காலம். 1995இல் வந்த போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் ஒரு பைசா இல்லாமல் வேறு கிளப்புக்குப் போகலாம். அதனால் கடைசி வருஷத்தில் இருக்கும் ஆட்டக்காரர் வெயிலில் வைத்த ஐஸ் மாதிரி. இப்போதே விற்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றும் மிஞ்சாது. கிளிஷிக்கும் நஸ்ரிக்கும் 2011இல் மிச்சமிருந்தது ஒரே வருஷம். அடுத்த வருஷம் வான் பெர்சிக்கும் அதே நிலைமை. 30 லீக் கோல் போட்ட மனுஷனை 2012 ஆகஸ்டில் விற்றார்கள். யாருக்கு? அதே மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு! அண்ணே அன்றைக்குச் சாப்பிடவே இல்லையாம்.

ஆக, ஆகஸ்ட் 28 அன்று தெரிந்த ஓட்டை அன்றைக்கு விழுந்தது கிடையாது. கையெழுத்தாகாத ஒப்பந்தங்கள், வாங்காமல் விட்ட டிஃபெண்டர்கள், ஸ்டேடியத் தவணைகள் என்று பல வருஷமாக எழுதிக்கொண்டே வந்த கணக்கு. அதற்கு ஆறு மாதம் முன்பே எச்சரிக்கை வந்திருந்தது. பிப்ரவரியில் நியூகாசிலிடம் 4-0 என்று முன்னிலையில் இருந்து 4-4 ஆக்கிக்கொண்டார்கள். அதே மாதம் லீக் கோப்பை இறுதியில் பர்மிங்காமிடம் கடைசி நேரத்தில் கோஷியெல்னியும் ஷ்செஸ்னியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க, கோப்பை போனது. ஓல்ட் டிராஃபோர்டில் பேரேட்டைக் கூட்டிப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் ஸ்கோர்

இதையெல்லாம் இவ்வளவு தூரம் நோண்ட ஒரு காரணம் இருக்கிறது. போன வருஷம் எங்கள் டிபார்ட்மெண்ட் டீம் வேறொரு காலேஜில் போய் ஆடி 6-0 என்று தோற்று வந்தது. ரெகுலர் கோல்கீப்பருக்கும் ரெண்டு டிஃபெண்டருக்கும் அன்றைக்கு அரியர் பேப்பர். கோலுக்குப் போனவன் ஒரு முதல் வருஷப் பையன். ஸ்கூலில் கொஞ்சம் கீப்பிங் பண்ணியிருக்கிறேன் என்று வாயைத் திறந்ததுதான் அவன் செய்த ஒரே காரியம். அவனுக்கு முன்னால் நின்ற நாலு பேரில் ரெண்டு பேர் ஃபார்வர்டு. பஸ்ஸில் எல்லோரும் சேர்ந்து ஒன்றாக ஆடியது அன்றைக்குத்தான் முதல் தடவை. நான் அந்த மேட்சை டச் லைனுக்கு வெளியே தண்ணீர்க் கேனோடு உட்கார்ந்து பார்த்தேன். ஆறில் நாலு கோலுக்கு, பந்து அவனிடம் வருவதற்குள் எதிர் ஆள் தனியாக முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

திரும்பி வருவதற்குள் வாட்ஸ்அப் குரூப்பில் அவன் படத்தைப் போட்டு ஆரம்பித்துவிட்டார்கள். சல்லடை, ஓட்டை வலை, இன்னும் என்னென்னவோ. பையன் ஒரு வரிகூடப் பதில் போடவில்லை. மறுநாள் குரூப்பிலிருந்து வெளியேறினான். அப்புறம் கிரவுண்டு பக்கமே வரவில்லை. ஒரு நாள் கேன்டீனில் பார்த்து, "டேய், வாடா, சாயங்காலம் ஆடலாம்" என்று கூப்பிட்டேன். "இல்லண்ணா, எனக்குச் சரியா வராது" என்றான். அவன் நன்றாக ஆடுவானா மாட்டானா என்பது இன்றுவரை எங்கள் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு மேட்ச் போதாது. இனிமேல் தெரியப் போவதும் இல்லை. இந்த சீசன் ரெகுலர் கீப்பர் விரலை உடைத்துக்கொண்டபோது, கோலில் நிறுத்த ஆள் தேடி அலைந்தோம்.

பிறகு என்ன ஆயிற்று?

ஆர்சனல் கதைக்கு வருவோம். அன்றைக்கு ஓல்ட் டிராஃபோர்டுக்குப் போயிருந்த ஆர்சனல் ரசிகர்கள் எட்டாவது கோலுக்குப் பிறகும் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள். கிளப், வந்தவர்களுக்கெல்லாம் இன்னொரு அவே மேட்சுக்கு இலவச டிக்கெட் தருவதாக அறிவித்தது. எங்கள் புத்தகத்தில் நற்பெயர் என்பது கண்ணுக்குப் புலனாகாத சொத்து. அந்தப் பாட்டைக் கேட்டால் அது காதுக்குக் கேட்கும் என்று புரியும்.

டிரான்ஸ்ஃபர் ஜன்னல் மூட மூன்றே நாள். அடித்துப் பிடித்து ஐந்து பேரை எடுத்தார்கள். பார்க் சூ யங், ஆந்த்ரே சாந்தோஸ், ஜெர்மனி டிஃபெண்டர் மெர்டெசாக்கர், எவர்ட்டனிலிருந்து 29 வயசு ஆர்தெட்டா, செல்சியிடமிருந்து கடனாக பெனயூன். எல்லோரும் அனுபவசாலிகள். ஓட்டை எது என்று கிளப்புக்கே தெரிந்திருக்கிறது பாருங்கள். உடனே சரியாகிவிடவில்லை. செப்டம்பரில் பிளாக்பர்னிடம் 3-4, அக்டோபரில் டாட்டனமிடம் 1-2. ஆனால் அதே அக்டோபர் கடைசியில் செல்சி மைதானத்துக்கே போய் 5-3. முதல் மூன்று மேட்சில் 1 புள்ளி வைத்திருந்த டீம், சீசன் முடிவில் 70 புள்ளியோடு மூன்றாவது இடம்.

ஜெயித்தவர்கள் கதை இன்னும் சுவாரசியம். எட்டு கோல் போட்ட மயக்கத்தில் யுனைடெட்டின் மிட்ஃபீல்டைப் பற்றி யாரும் பேசவில்லை. ஸ்கோல்ஸ் அந்த மே மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தார், அவர் இடத்துக்குச் சரியான ஆளை வாங்கவில்லை. அக்டோபரில் அதே ஓல்ட் டிராஃபோர்டில் சிட்டியிடம் 1-6. ஜனவரியில் ஓய்விலிருந்த ஸ்கோல்ஸையே திரும்பக் கூட்டி வந்தார்கள். சீசன் முடிவில் ரெண்டு மான்செஸ்டர் டீமும் 89 புள்ளி. கோல் வித்தியாசத்தில் கோப்பை சிட்டிக்கு. சிட்டி 64, யுனைடெட் 56. குறைந்தது எட்டு கோல்! தோற்றவன் அன்றைக்கே கணக்கைத் திறந்து பார்த்தான். ஜெயித்தவனுக்குப் பார்க்கத் தோன்றவில்லை.

குற்றவாளிக் கூண்டில் நின்ற பையன்கள் என்ன ஆனார்கள்? எல்லோருக்கும் சினிமா முடிவு கிடைக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். த்ராவோரே மூன்றே நாளில் விற்கப்பட்டார். ஜென்கின்சன் ஆர்சனலில் நிலையான இடம் பிடிக்கவே இல்லை. ரசிகர்கள் பட்டியலில் பாதி சரி என்று முதலில் சொன்னேன் இல்லையா, இதுதான் அந்தப் பாதி. ஆனால் கோக்லான், பல கிளப்புகளுக்குக் கடனாகப் போய் அலைந்துவிட்டு, 2014 டிசம்பரில் திரும்பி வந்து டீமின் முதல் பதினொன்றில் இடம் பிடித்தார். 2014 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் ஹல் சிட்டி 2-0 என்று முன்னால் போனபோது, கசோர்லா ஒன்று திருப்பினார். சமன் செய்த ரெண்டாவது கோல் கோஷியெல்னி. கூடுதல் நேரத்தில் ஜெயிக்க வைத்த மூன்றாவது கோல் ராம்சி. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு ஆர்சனலுக்குக் கிடைத்த கோப்பை அது. எட்டு கோல் வாங்கிய களத்தில் நின்றவர்கள்தான் ரெண்டு பேரும். அதே இறுதியில் மெர்டெசாக்கரும் ஆர்தெட்டாவும் ஆடினார்கள்.

மெர்டெசாக்கர் 2018இல் ஆர்சனல் அகாடமியின் மேலாளர் ஆனார். ஆர்தெட்டா 2019 டிசம்பரில் கோச் ஆகி, 2020இல் எஃப்.ஏ. கோப்பை வாங்கிக் கொடுத்தார். 2023இல் சாகா, சலீபா, மார்டினெல்லி என்று இளம் ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்கள் முடியும் முன்பே நீட்டிக்கப்பட்டதைப் படித்தபோது, எனக்கு நஸ்ரி, கிளிஷி ஞாபகம்தான் வந்தது. யாரோ பழைய பேரேட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

அண்ணேயிடம் இந்தப் பதினொரு வராதவர்கள் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கரெக்டுதான்டா. ஆனா அன்னைக்கு நைட்டு இதை எவனாவது எங்கிட்ட சொல்லியிருந்தா அடிச்சிருப்பேன்" என்றார். நியாயம். எட்டு கோல் வாங்கின ராத்திரி யாரும் ஆடிட்டராக இருக்க முடியாது. திட்டித் தீர்க்கத்தான் தோன்றும், திட்டுங்கள்.

மறுநாள் காலையில் மட்டும் மூன்று கேள்வி கேட்டுப் பார்க்கலாம். அன்றைக்கு ஆட வேண்டிய யார் யார் ஆடவில்லை? அவர்கள் இல்லாதது ஒரு வாரச் சங்கதியா, வருஷக் கணக்கில் தள்ளிப் போட்ட சங்கதியா? நாம் திட்டுகிற ஆளைக் கோச் விரும்பி இறக்கினாரா, வேறு வழியில்லாமல் இறக்கினாரா? மூன்றாவது கேள்விக்கு "வேறு வழியில்லாமல்" என்று பதில் வந்தால், அவன் பெயரை அடித்துவிட்டு, ஆள் சேர்க்க வேண்டியவர்கள் பெயரை எழுதுங்கள். லண்டன் டீமுக்கும் சரி, டிபார்ட்மெண்ட் டீமுக்கும் சரி.

எங்கள் டீமுக்கு அடுத்த மாதம் மறுபடியும் வெளியூர் மேட்ச் இருக்கிறது. இந்தத் தடவை தேதி குறிப்பதற்கு முன்னால் அரியர் டைம்டேபிளைப் பார்க்கச் சொல்லி கேப்டனிடம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பையனையும் இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கப் போகிறேன்.

நாளைக்குக் காஸ்ட் அக்கவுண்டிங் டெஸ்ட். இதுவரை ஒரு சாப்டர்கூடத் திறக்கவில்லை. வர்ட்டா?